அம்மாவுக்குச் சப்பாத்திதான் பிடிக்கும்

(நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நம் செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு "சின்ன வயதில் சாப்பிட்டது". கொடுத்த நேரமோ பகல் பன்னிரண்டேகால் மணி. பின்பக்கத்திலிருந்து தாளிக்கிற வாசனை வந்துகொண்டிருக்கிறது. இந்த நேரத்தில் சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறவனை யாராவது கவனிப்பார்களா? ஆகவே சீக்கிரம் முடித்துவிடுகிறேன், பயப்படவேண்டாம்.

எனக்கு இப்போது எழுபது வயது. பிறந்தது, வளர்ந்தது எல்லாம் மாதுங்காவில். அம்மா கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து 1948-ல் இருபது வயதில் பம்பாய்க்கு வந்தவள். அப்பா மில் ஆபீஸில் குமாஸ்தா. மூன்றாவது மாடியில் இரண்டே அறை. அதில் அப்பா, அம்மா, அப்பாவின் அம்மா, அண்ணா, அக்கா, நான் என்று ஆறு பேர். ஊரிலிருந்து யாராவது வேலை தேடி வந்தால் ஏழு பேர். வேலை கிடைக்கும்வரை ஏழு பேர்தான். அந்தக் காலத்து மாதுங்காவில் இதெல்லாம் அதிசயமே இல்லை.

அந்த இரண்டு அறையில் என்ன மணம், என்ன ருசி! காலையில் கண் விழிப்பதே காப்பி வாசனையில்தான். பச்சைக் கொட்டையை வாங்கி வந்து, அம்மா இரும்புச் சட்டியில் வறுப்பாள். வறுக்கிற பதம் அவளுக்குத்தான் தெரியும். மேஜை விளிம்பில் மாட்டிய கை மிஷினில் அரைப்பது என் வேலை. கூலியாக அரை டம்ளர் காப்பி. பாட்டி, "குழந்தைக்குக் காப்பி எதுக்கு?" என்பாள். அம்மா அதில் பாலை நிரம்ப விட்டு, "இது பால்தான் அம்மா, கலருக்கு ரெண்டு சொட்டு" என்று சொல்லிவிடுவாள்.

சனிக்கிழமை எண்ணெய் ஸ்நானம். சீயக்காய் கண்ணில் பட்டு அழுதுகொண்டே வந்து உட்கார்ந்தால் மிளகு ரசமும், சுட்ட அப்பளமும், பருப்புத் துவையலும். சாப்பிட்டு முடிப்பதற்குள் கண் சொருகும். மே மாதத்தில் மொட்டை மாடியில் வடாம் பிழிவார்கள். ஜூன் பிறந்தால் மழை கொட்டிவிடும், அதற்குள் காயவேண்டும். கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு காக்காய் ஓட்டுவது நானும் அக்காவும். காக்காய் தின்றதைவிட நாங்கள் தின்றது அதிகம். மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும் பாருங்கள், அந்த அரைக் காய்ச்சல் வடாமுக்கு ஈடாக ஒன்றை நான் இதுவரை எந்தக் கல்யாணத்திலும் சாப்பிட்டதில்லை.

இப்படியே அடுக்கிக்கொண்டு போகலாம். உங்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் இதே கதைதான், சட்டியும் வடாமும்தான் வேறு. ஆனால் இன்றைக்கு நான் சொல்ல வந்தது நாங்கள் சாப்பிட்டதைப் பற்றி அல்ல. எங்கள் அம்மா சாப்பிட்டதைப் பற்றி.

அதற்கு முன்னால் அரிசியைப் பற்றிச் சொல்லவேண்டும். இங்கே இருக்கும் மூத்தவர்களுக்கு அறுபதுகள் ஞாபகம் இருக்கும். 1965, 1966 என்று அடுத்தடுத்து இரண்டு வருஷம் மழை பொய்த்துவிட்டது. அமெரிக்காவிலிருந்து பி.எல். 480 திட்டத்தில் கோதுமை கப்பல் கப்பலாக வந்தது. 1965-ல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, திங்கட்கிழமை ராத்திரி ஒரு வேளை சாப்பாட்டை விடுங்கள் என்று தேசத்தைக் கேட்டுக்கொண்டார். எங்கள் கட்டடத்தில் திங்கட்கிழமை ராத்திரி அடுப்பு எரியாது. குழந்தைகளுக்கு மட்டும் பால். ஒன்பது வயதுப் பையனுக்கு அது கஷ்டமாகவே தெரியவில்லை. பெரிய தேச சேவை செய்கிற கர்வத்தோடு படுத்துக்கொள்வேன்.

ஆனால் மற்ற ஆறு நாள்? ரேஷனில் ஆளுக்கு இவ்வளவுதான் அரிசி என்று கணக்கு. வரிசையில் நிற்பது அண்ணா. வந்த அரிசி தடியாக, ஒரு மாதிரி வாசனையோடு, கல்லும் மண்ணுமாக இருக்கும். அம்மா முறத்தை மடியில் வைத்துக்கொண்டு மத்தியானம் முழுக்கக் கல் பொறுக்குவாள். கல் போனால் அரிசி இன்னும் குறையும். கோதுமை மட்டும் தாராளம். தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்தவளுக்குக் கோதுமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றே தெரியவில்லை. இதிலே ஒரு வேடிக்கை. இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரியில் ஆரம்பித்தபோது அதன் முதல் மாவட்ட அலுவலகத்தைத் தஞ்சாவூரில்தான் திறந்தார்கள். நெல் விளைகிற ஊர் அது. அந்த ஊர்ப் பெண் பம்பாயில் அரிசியை ஆழாக்கால் அளந்து அளந்து போட்டுக்கொண்டிருந்தாள்.

கோதுமைக்கு வழி காட்டியது எதிர் வீட்டு மராட்டிக் காகு. ஒருநாள் அம்மாவிடம், "நான் உனக்குப் போளி பண்ணக் கற்றுத் தருகிறேன்" என்றாள். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். வெல்லம், தேங்காய், ஏலக்காய் எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். காகு வந்து பார்த்துவிட்டு, "இதெல்லாம் எதற்கு?" என்றாளாம். மராட்டியில் சப்பாத்திக்குத்தான் போளி என்று பெயர்! நம் போளி அவர்களுக்குப் பூரண் போளி. அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் மாடி முழுக்க எட்டிப் பார்த்தது. மாவை எண்ணெய் தடவி மடித்து இடும் அந்த மராட்டி முறையை அம்மா கற்றுக்கொண்டாள். முதல் வாரம் சப்பாத்தி அப்பளம் மாதிரி நொறுங்கியது. ஒரு மாதத்தில் பூ மாதிரி வந்தது. பதிலுக்குக் காகுவுக்கு இட்லி வார்க்கச் சொல்லிக் கொடுத்தாள்.

1966 கோடை லீவில் ஊருக்குப் போனோம். திரும்பும்போது தாய்மாமா, "பம்பாய்ல என்னத்தைச் சாப்பிடறேளோ" என்று நிலத்தில் விளைந்த சம்பா அரிசியைக் கொடுத்தார். அப்போது ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு அரிசி கொண்டுபோகக் கட்டுப்பாடு. அம்மா என்ன செய்தாள் தெரியுமா? தலையணை உறைகளில் பஞ்சுக்குப் பதிலாக அரிசியை நிரப்பி, வாயைத் தைத்து, ஹோல்டாலில் சுருட்டிவிட்டாள். எனக்குச் சொல்லவில்லை. எழும்பூரில் இறங்கி, சென்ட்ரலில் பம்பாய் மெயில் ஏறி, குண்டக்கல் தாண்டி ராத்திரி படுத்தபோது நான் பெட்டி முழுக்கக் கேட்கும்படி, "அம்மா, தலகாணி கல்லு மாதிரி இருக்கு!" என்று கத்தினேன். தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. தாதர் வந்து இறங்கும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.

அந்த அரிசியை முதல் முறை வடித்த அன்று கஞ்சி வாசனை மாடிப்படி வரை வந்தது. வெறும் சாதத்தில் நெய்யும் உப்பும் போட்டு நாங்கள் மூன்று பேரும் சாப்பிட்டதை இப்போது நினைத்தாலும் நாக்கில் ஊறுகிறது.

அந்த வருஷங்களில்தான் ராத்திரிச் சாப்பாட்டில் ஒரு வழக்கம் வந்தது. பாட்டிக்கு ராத்திரி சாதம் கிடையாது, பலகாரம்தான். அந்தக் கால வழக்கம் அது. அப்பாவுக்குச் சப்பாத்தி ஒத்துக்கொள்ளாது, வயிற்று வலி. நாங்கள் மூன்று பேரும் வளர்கிற குழந்தைகள், ராத்திரி மோர் சாதம் இல்லாமல் தூங்கமாட்டோம். எங்கள் எல்லோருக்கும் போட்டுவிட்டு அம்மா கடைசியில் உட்காருவாள். அவள் தட்டில் இரண்டு சப்பாத்தி இருக்கும்.

"நீ ஏன்மா சாதம் சாப்பிடலை?" என்று அக்கா கேட்டாள்.

"எனக்கு ராத்திரியில சப்பாத்திதாண்டி பிடிச்சிருக்கு. லேசா இருக்கு. சாதம் சாப்பிட்டா காலம்பற எழுந்துக்க முடியலை."

அவ்வளவுதான். நாங்கள் நம்பினோம். நம்பியதோடு நிற்கவில்லை, பெருமையாகவும் சொல்லிக்கொண்டோம். ஊரிலிருந்து யார் வந்தாலும், "எங்கம்மா அசல் பம்பாய்க்காரி ஆயிட்டா, ராத்திரி சப்பாத்திதான்" என்போம். அம்மா சிரித்துக்கொள்வாள்.

பிறகு பஞ்சம் போயிற்று. கடையில் நல்ல அரிசியே கிடைக்க ஆரம்பித்தது. அண்ணாவும் அக்காவும் வெளியூர் போனார்கள். எனக்கு பாங்கில் வேலை. 1986-ல் எனக்குக் கல்யாணம் ஆகி, செம்பூரில் வீடு வாங்கிப் போனபோது அம்மாவும் அப்பாவும் எங்களோடு வந்தார்கள். வந்த முதல் நாளே நான் என் மனைவியிடம் சொன்னேன்: "எது பண்ணினாலும் பண்ணாட்டாலும், ராத்திரி அம்மாவுக்கு ரெண்டு சப்பாத்தி இட்டுடு. அவளுக்கு அதுதான் பிடிக்கும்."

என் மனைவி அந்தேரியில் ஆபீஸ். இரண்டு வண்டி மாறி ஏழரை மணிக்கு வீடு திரும்புவாள். வந்து முகம் கழுவிக்கொண்டு, எங்களுக்குக் குக்கர் வைத்துவிட்டு, மாமியாருக்காகத் தனியாக மாவு பிசைவாள். ஒரு நாள் தவறியதில்லை. உடம்பு சரியில்லாத நாளில்கூட நான் வாங்கிக்கொண்டாவது வந்திருக்கிறேன். நல்ல பிள்ளை என்று என்னைப் பற்றி எனக்கே அபிப்பிராயம்.

இப்போது 2005 ஜூலை 26-க்கு வருகிறேன். மும்பையில் இருந்தவர்கள் யாரும் அந்தத் தேதியை மறக்க முடியாது. சாந்தாகுரூஸில் மட்டும் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. அன்று ஜுரம் என்று நான் லீவு. பதினாலு வயதுப் பெண் பள்ளிக்கூடத்திலிருந்து மத்தியானமே வந்துவிட்டாள். என் மனைவி மட்டும் அந்தேரியில் மாட்டிக்கொண்டாள். ரயில் இல்லை, போன் இல்லை, சாயங்காலம் கரண்டும் போய்விட்டது. ஜன்னலுக்குக் கீழே தெரு தெரியவில்லை, தண்ணீர்தான் தெரிந்தது. மணி ஒன்பதாயிற்று. எனக்குக் கை கால் ஓடவில்லை.

அம்மாவுக்கு அப்போது எழுபத்தேழு வயது. அவள்தான் சொன்னாள். "எல்லாருமா சாப்பிட்டுடலாம்டா. நாம பட்டினி கிடந்தா அவ சீக்கிரம் வந்துடுவாளா? ஆபீஸ்ல நாலு பேரோட பத்திரமா இருப்பா."

மெழுகுவத்தியை ஏற்றி வைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். எனக்குத் தெரிந்தது குக்கர் ஒன்றுதான். தண்ணீரைக் கூட விட்டுவிட்டேன் போலிருக்கிறது, சாதம் குழைந்துவிட்டது. பிரிட்ஜில் இருந்த தயிரை விட்டுப் பிசைந்து, உப்புப் போட்டு, ஜாடியிலிருந்து இரண்டு மாவடு எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டு வந்தேன். அம்மா முன்னால் வைக்கும்போது எனக்கு ஒரே குற்ற உணர்ச்சி.

"அம்மா, இன்னிக்குச் சப்பாத்தி இல்லை. எனக்கு இடத் தெரியாது. ஒரு நாளைக்குப் பொறுத்துக்கோ."

அம்மா பதில் சொல்லவில்லை. ஒரு கவளம் எடுத்தாள். மெதுவாகச் சாப்பிட்டாள். மாவடுவைக் கடித்தாள். தட்டு காலியாயிற்று. விரலை வழித்துச் சாப்பிட்டாள். பிறகு, என் வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் கேட்டு நான் கேட்டேன்: "இன்னும் கொஞ்சம் இருக்காடா?"

இரண்டாம் தடவை போட்டேன். அதையும் சாப்பிட்டுவிட்டு, "இருக்கா?" என்று என் பெண்ணைப் பார்த்துக்கொண்டே கேட்டாள், அவளுக்கு வேண்டியிருக்குமோ என்று. என் பெண் கெட்டிக்காரி. அவள்தான் கேட்டாள்.

"பாட்டி, உனக்குச் சப்பாத்தி பிடிக்கவே பிடிக்காதா?"

அம்மா சிரித்தாள். "பிடிக்காதுன்னு இல்லைடி கொழந்தே. பிடிக்கறதா, பிடிக்கலையான்னு நான் நினைச்சே பாக்கலை. அப்போ அரிசி போறலை. உங்க தாத்தாவுக்கு வயத்து வலி. இவா மூணு பேரும் மோர் சாதம் இல்லைன்னா படுக்கமாட்டா. யாராவது ஒருத்தர் விட்டுக்குடுத்தா கணக்கு சரியா வந்தது. எனக்குப் பிடிக்கும்னு சொன்னாத்தானே இவா நிம்மதியா சாப்பிடுவா?"

"சரி, அப்புறம் அரிசி கிடைச்சப்போ?"

"அதுக்குள்ள எல்லாரும் எனக்குச் சப்பாத்திதான் பிடிக்கும்னு முடிவு பண்ணிட்டேளே!"

எனக்கு ஒன்றும் பேச வரவில்லை. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. "அப்பாவுக்குத் தெரியுமா?" என்றேன்.

கொஞ்ச நேரம் மெழுகுவத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "தெரியாம இருக்குமா? ஊர்லேர்ந்து தலகாணியில அரிசி கொண்டுவந்தோமே, ஞாபகம் இருக்கா? அன்னிக்கு ராத்திரி உங்கப்பா பாதிச் சாதத்தைத் தட்டிலேயே வெச்சுட்டு எழுந்துண்டுட்டார். என்னன்னு கேட்டேன். பசி இல்லைன்னார். பசி இல்லாமலா? அந்தத் தட்டுலயே உக்காந்து நான் சாப்பிட்டேன். ஊரே வந்து எதிர்ல உக்காந்தா மாதிரி இருந்தது."

அப்பா 1994-லேயே போய்விட்டார். கிட்டத்தட்ட நாற்பது வருஷமாக அந்தப் பாதித் தட்டு சாதத்தை அவள் ஞாபகம் வைத்திருந்தாள். நெய்யும் உப்பும் போட்டுச் சாப்பிட்டது எனக்கு ஞாபகம் இருந்தது. அப்பா எழுந்து போனது ஞாபகம் இல்லை. குழந்தைக்குத் தன் தட்டைத் தவிர வேறு எங்கே கண் போகும்?

மறுநாள் மத்தியானம் மூன்று மணிக்கு என் மனைவி முழங்கால் வரை சேற்றோடு வந்து சேர்ந்தாள். குளித்துவிட்டு வந்தவளுக்கு அம்மா சொல்லச் சொல்ல நான் மிளகு ரசம் வைத்துப் போட்டேன். சாப்பிட்டு முடித்ததும் என் பெண் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டாள். என் மனைவி முதலில் அழுதாள். பிறகு கோபம் வந்துவிட்டது.

"பத்தொன்பது வருஷமா இட்டிருக்கேனே அம்மா! ஒரு நாள் சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீ ஆபீஸ்லேர்ந்து களைச்சு வந்து, எனக்குன்னு தனியா பண்றே. அதைப் போய் வேண்டாம்னு சொல்ல எனக்கு மனசு வரலைம்மா."

"களைச்சு வந்ததுக்குத்தான் சொல்லியிருக்கணும்! நாலு பிடி அரிசி சேத்துக் குக்கர்ல வெச்சுட்டு நானும் காலை நீட்டி உக்காந்திருப்பேனே!"

மூன்று பேரும் சிரித்தார்கள். நான் சிரித்ததாக ஞாபகம் இல்லை. ஏனென்றால் தப்பு என்னுடையது. அம்மா தன் ஆசையைச் சொல்லவில்லை, என் மனைவி தன் களைப்பைச் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் நான், எல்லாம் தெரிந்தவன் மாதிரி, முதல் நாளே ஒரு உத்தரவு போட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிட்டேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "அம்மா, இன்னிக்கு உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டிருந்தால் போதும்.

அன்றிலிருந்து அம்மாவுக்கு ராத்திரி மோர் சாதம்தான். வெதுவெதுப்பாக, குழைய வடித்து, பால் கொஞ்சம் தயிர் கொஞ்சம் விட்டு. தொட்டுக்கொள்ள ஒரு நாள் மாவடு, ஒரு நாள் நார்த்தங்காய், ஒரு நாள் மத்தியானத்து வத்தக்குழம்பு. ஏகாதசி வந்தால் மட்டும் தானே, "இன்னிக்குச் சப்பாத்தி இட்டுடு" என்பாள். 2012-ல் எண்பத்து நாலு வயதில் போகும்வரை ஏழு வருஷம் அப்படிச் சாப்பிட்டாள். கடைசி மாதங்களில் பல் எல்லாம் போய், அதையே கரைத்துக் கொடுத்தோம். ஏழு வருஷம் கிடைத்ததே என்று ஒரு சமாதானம். அந்த மழை பெய்யாமல் இருந்திருந்தால் அதுவும் கிடைத்திருக்காது.

இன்று உலகத்திலேயே அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்யும் தேசம் நம்முடையது. நம் பேரன் பேத்திகள் அரிசியைத் தலையணையில் ஒளித்துக் கொண்டுவரவேண்டாம். அவர்கள் ரொட்டியும் பாஸ்தாவும் சாப்பிடட்டும், அதில் எனக்கு வருத்தம் இல்லை. அந்தக் கஷ்டம் திரும்ப வரவேண்டும் என்று யார் சொல்வார்கள்? ஆனால் நம் வீடுகளில் இன்னும் கடைசியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். "எனக்கு இதுவே போதும்", "எனக்கு அடிப்பிடித்ததுதான் பிடிக்கும்", "எனக்கு ஆறினதுதான் ஒத்துக்கும்" என்று சொல்கிறவர்கள். இந்த சபையிலேயே சில பேர் சிரிப்பதைப் பார்க்கிறேன். அந்த மாமிகள் யார் என்று உங்கள் பிள்ளைகளுக்கு அடையாளம் காட்டிவிடுங்கள்.

திவசத்துக்கு முறைப்படி சமைத்து, எள்ளும் தண்ணீரும் விட்டு, கறியமுது பாயசம் என்று குறைவில்லாமல் செய்கிறேன். செய்யவேண்டியது கடமை. அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு கிடையாது. மறுநாள் ராத்திரி மட்டும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் குழைந்த மோர் சாதம்தான். கல்யாணமாகிப் புணேயில் இருக்கும் என் பெண்ணும் அன்று அவள் வீட்டில் அதைத்தான் பண்ணுகிறாள். எனக்கு இப்போது சப்பாத்தியும் இடத் தெரியும். மராட்டிக் காகுவின் மடிப்பு வரவில்லை, வட்டமும் வரவில்லை. ஆனாலும் வாரத்தில் நாலு நாள் நான்தான் இடுகிறேன். என் மனைவி பிடித்திருக்கிறது என்கிறாள். அதை நான் நம்புவதில்லை, இரண்டு தடவையாவது திருப்பிக் கேட்கிறேன்.

உங்களை நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். இன்று வீட்டுக்குப் போனதும், உங்கள் வீட்டில் வயதானவர் யார் இருந்தாலும், தட்டைப் போடுவதற்கு முன்னால் அவருக்கு என்ன பிடிக்கும் என்று கேளுங்கள். முதல் பதிலை நம்பாதீர்கள். முதல் பதில் எப்போதும் "எதுவானாலும் சரி" என்றுதான் வரும். இன்னொரு தடவை கேளுங்கள்.

இலை போட்டுவிட்டார்கள் என்று செயலாளர் கையைக் காட்டுகிறார். முதல் பந்தியில் பரிமாறுகிறவர்கள் உட்காரட்டும், நாம் இரண்டாவது பந்தியில் உட்காரலாம் என்று சொல்ல ஆசை. ஆனால் உங்கள் பசி எனக்குத் தெரிகிறது. ஆகவே எல்லோரும் வாருங்கள், அவர்களையும் கூட உட்காரவைத்து, நாமே பரிமாறிக்கொண்டு சாப்பிடலாம்.